வாசகர் கேள்வி பதில்: மோட்டாரை அப்புறம் வாங்கலாம், முதலில் பிரச்சினையைச் சொல்லுங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிள்ளைகளின் புரோஜெக்ட் பற்றியவை. அதனால் வீட்டு வயரிங், மோட்டார் சைக்கிள் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன், அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பாலிடெக்னிக்கோ, சமூகக் கல்லூரியோ, தனியார் கல்லூரியோ, தொழில்நுட்பம் படிக்கப் போனால் பொறியியல் வடிவமைப்பு முறை என்ற பாடம் எப்படியும் வந்துவிடுகிறது. பாதிப் பிள்ளைகளுக்கு அது தலைவலி, மீதிப் பேருக்கு வெறும் படிவம் நிரப்புகிற வேலை. இரண்டுமாக இல்லாமல் படிக்கலாம் என்பது என் கட்சி.

ஐயா, நான் மெக்கானிக்கல் டிப்ளோமா மூன்றாவது செமஸ்டர். வடிவமைப்புப் பாடத்தில் அம்புக்குறி போட்ட ஒரு வட்டப் படம் கொடுத்திருக்கிறார்கள். பிரச்சினையை வரையறு, தகவல் தேடு, தேவைகளை எழுது, யோசனைகளைச் சேர், ஒன்றைத் தேர்ந்தெடு, மாதிரி செய், சோதித்துத் திருத்து. எங்கள் குழு ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்டது: செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்து கிடக்கும் பழத்தைப் பொறுக்க ஒரு மெஷின். அர்டுயினோ (மோட்டாரைக் கட்டுப்படுத்தும் சின்ன மின்னணு அட்டை), மோட்டார் எல்லாம் ஷாப்பியில் ஆர்டர் போட்டாச்சு. இதுக்கு மேல் முதல் ஐந்து கட்டம் எதுக்கு? லாக் புக்கைக் கடைசி வாரம் உட்கார்ந்து எழுதிக்கலாம்தானே?
– மாணவர், பெஸ்தாரி ஜெயா

தம்பி, பொருள் வந்து சேரட்டும், ஆனால் பெட்டியைப் பிரிக்காதீர்கள், திருப்பி அனுப்ப வசதியாக இருக்கும்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முதலில் சென்சார் வாங்குவது, அப்புறம் அந்த சென்சாருக்கு ஏற்ற பிரச்சினையை ஊர் முழுக்கத் தேடுவது, கடைசியில் வட்டப் படத்தின் ஏழு கட்டத்தையும் தலைகீழாக நிரப்பி அறிக்கை கட்டுவது, இதுதான் பல இடங்களில் நடக்கிறது. மதிப்பெண்ணும் வந்துவிடும். ஆனால் அந்தப் பொருளைத் தோட்டத்தில் ஒருவரும் தொடமாட்டார்கள்.

உங்கள் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். "பழம் பொறுக்க ஒரு மெஷின்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது பிரச்சினை இல்லை, விடை. பிரச்சினை யாருக்கு என்று கேளுங்கள். குலை வெட்டுபவருக்கு என்றால், குனிந்து குனிந்து இடுப்பு போகிறது. நிர்வாகத்துக்கு என்றால், நன்றாகப் பழுத்த பழம்தான் முதலில் உதிரும், எண்ணெய் நிறைந்த அந்தப் பழத்தைத் தரையில் விட்டுவிட்டு வந்தால் காசு அங்கேயே கிடக்கிறது. ஆலைக்கு என்றால், அவசரத்தில் பழத்தோடு மண்ணையும் காய்ந்த சருகையும் சேர்த்து அள்ளிச் சாக்கில் போட்டு அனுப்புவதுதான் தொல்லை. ஒரே உதிரிப் பழம்தான், ஆனால் மூன்று பேருக்கு மூன்று பிரச்சினை, மூன்றுக்கும் வேறு வேறு கருவி. இடுப்பு வலிக்கு நீளக் கைப்பிடியே போதுமாக இருக்கலாம். மண்ணும் சருகும்தான் பிரச்சினை என்றால் சல்லடை போதும், மோட்டாரே தேவைப்படாது. இதைத் தீர்மானிக்காமல் மோட்டாருக்கு எத்தனை வாட் என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

அடுத்தது தகவல் தேடல். கூகுளில் இரண்டு படம் எடுத்து ஒட்டுவதைச் சொல்லவில்லை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ல் ஆரம்பித்தது வேறெங்கும் இல்லை, நம் ஊர்ப் பக்கத்துத் தெனமாரம் தோட்டத்தில்தான். பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபொக்கோனியே போட்டது. நூறு வருஷம் தாண்டியும் பல தோட்டங்களில் கையாலும் வாரியாலும்தான் உதிரிப் பழத்தைச் சேர்க்கிறார்கள் என்றால், இது வரை யாருக்குமே யோசனை வரவில்லை என்றா அர்த்தம்? மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆட்களே இதற்குப் பல கருவிகள் செய்து பார்த்திருக்கிறார்கள். காற்றால் உறிஞ்சுவது உண்டு, கம்பிக்கூடு போட்ட உருளையைத் தள்ளிக்கொண்டு போவதும் உண்டு. அவை ஏன் எல்லாத் தோட்டத்துக்கும் வந்து சேரவில்லை என்று தேடுங்கள், அந்தக் காரணங்கள்தான் உங்கள் தேவைப் பட்டியலின் முதல் பக்கம்.

அப்புறம் நேரில் போங்கள். நிர்வாகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு, வெட்டு நடக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள். ஒரே இடத்துக்குப் பத்திலிருந்து பதினாலு நாளுக்கு ஒருமுறைதான் வெட்டு வரும், தவறவிட்டால் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். ஒரு மரத்தடியில் நின்று பழம் எவ்வளவு தூரம் சிதறுகிறது, எத்தனை பழம், பொறுக்க எத்தனை நிமிஷம், இதையெல்லாம் கைக்கடிகாரமும் அளவு நாடாவும் வைத்து எழுதுங்கள். ஒரு பழம் ஏறத்தாழ 10 கிராம் என்று வைத்தால் ஒரு கிலோவுக்கு நூறு பழம். கையால் ஒரு பழத்துக்கு ஒரு வினாடி என்றாலும் கிலோவுக்கு நூறு வினாடிதான் ஆகிறது. உங்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடக்கிற நேரம் இதில் சேருமா சேராதா? ஒன்பது மீட்டர் முக்கோண நடவில் ஒரு ஹெக்டருக்கு 142 மரம் வரும். 142 தடவை தூக்கி இறக்க வேண்டிய கருவி அது, ஞாபகம் வையுங்கள். மழை பெய்த மறுநாள் களிமண்ணில் அதன் சக்கரம் உருளுமா, வெட்டிப் போட்ட மட்டைகளைத் தாண்டுமா என்பதெல்லாம் நேரில் போனால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும், அறையில் உட்கார்ந்தால் ஐந்து மாதத்துக்கும் தெரியாது.

இவ்வளவும் கையில் இருந்தால் தேவைகளை எழுதுவது சுலபம். "இலேசாக இருக்க வேண்டும்" என்று எழுதாதீர்கள், அதைச் சோதிக்க முடியாது. "பை நிறைந்த பிறகும் மொத்த எடை 10 கிலோவைத் தாண்டக் கூடாது" என்று எழுதினால் தராசில் வைத்துப் பார்க்கலாம். "சுத்தமாகப் பொறுக்க வேண்டும்" என்பதற்குப் பதில் "சேர்த்த எடையில் மண்ணும் சருகும் 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது" என்று எழுதுங்கள். எண் எவ்வளவு என்பதை நீங்கள் அளந்து வந்ததிலிருந்து போட்டுக்கொள்ளுங்கள், நான் சொன்னது மாதிரிக்கு.

லாக் புக்கைக் கடைசி வாரம் எழுதினால் அது கதைப் புத்தகம். கம்பிக்குக் கம்பி 12 மில்லிமீட்டர் இடைவெளி என்று ஒரு நாள் நாலு பேராகச் சண்டை போட்டு முடிவு செய்திருப்பீர்கள், மூன்று மாதம் கழித்து ஏன் 12, ஏன் 15 இல்லை என்று விரிவுரையாளர் கேட்டால் நாலு பேரும் கூரையைப் பார்ப்பீர்கள். தேதி போடுங்கள், பேனாவில் எழுதுங்கள், தப்பான யோசனையை அழிக்காமல் ஒரு கோடு மட்டும் போட்டு, பக்கத்தில் ஏன் விட்டோம் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரிதான் பின்னால் உங்களைக் காப்பாற்றும்.

வணக்கம் ஐயா. முன்பு பால்மரம் வெட்டினேன், இப்போது பள்ளிக் கேண்டீனில் வேலை. என் மகள் கல்லூரியில் இன்ஜினியரிங் படிக்கிறாள். லீவுக்கு வந்தால் கடையில் மீகூன் பெட்டி, மைலோ பெட்டி எல்லாம் வாங்கி வந்து வெட்டி வெட்டி ஒட்டிக்கொண்டே இருக்கிறாள். பால்மங்குக்கு (ரப்பர்ப் பால் வடிகிற கிண்ணத்துக்கு) மழைத் தடுப்பு செய்கிறாளாம். அது போதாதென்று என்னை உட்கார வைத்து, எத்தனை மணிக்குக் காட்டுக்குப் போவீங்க, மழை வந்தால் என்ன செய்வீங்க என்று கேள்வி மேல் கேள்வி. காசு கட்டிப் படிக்க வைக்கிறோம், இது என்ன படிப்பு?
– ஓர் அம்மா, கோலசிலாங்கூர்

அம்மா, உங்கள் மகள் சரியாகத்தான் படிக்கிறாள். முன் கேள்வியில் தம்பி செய்யாமல் விட்டதை அந்தப் பிள்ளை வீட்டிலேயே செய்துகொண்டிருக்கிறது.

அட்டையில் செய்து பார்ப்பது விளையாட்டில்லை. முதல் மாதிரியை அலுமினியத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்தால் செலவு ஏறும், அதைவிட மோசம், செலவு செய்துவிட்டோமே என்று அதன் மேல் ஒரு பாசம் வந்துவிடும், தப்பு தெரிந்தாலும் மாற்ற மனசு வராது. அட்டை என்றால் கிழித்துப் போட்டுவிட்டு அடுத்தது. ஆகாய விமானம் செய்த ரைட் சகோதரர்கள் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். 1901-ல் அவர்கள் செய்த கிளைடர், அந்தக் காலத்து அட்டவணைப்படி தூக்க வேண்டிய அளவுக்குத் தூக்கவில்லை. அடுத்த கிளைடரை உடனே கட்டாமல், ஆறடி நீளத்தில் ஒரு மரப்பெட்டி செய்து, ஒரு பக்கம் விசிறி வைத்துக் காற்றை ஓட்டி, அதற்குள் சின்னச் சின்ன இறக்கை வடிவங்களாக ஏறத்தாழ இருநூறைச் சோதித்தார்கள். அளக்கிற தராசுக்குப் பழைய இரும்பு ரம்பத் தகடும் சைக்கிள் ஆரக் கம்பியும்தான். அதில் கிடைத்த எண்களை வைத்துச் செய்த 1902 கிளைடர் நன்றாகப் பறந்தது, 1903 டிசம்பரில் எஞ்சின் வைத்த விமானமே எழும்பிவிட்டது. மைலோ பெட்டி வெட்டுவதைக் குறையாக நினைக்காதீர்கள்.

கேள்வி கேட்பது பற்றி. அந்தப் பிள்ளைக்கு வேண்டிய தகவல் எந்த நூலகத்தையும் விட உங்களிடம் கூடுதலாக இருக்கிறது. விடியும் முன்னே வெட்டினால் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறையும் என்று உங்களுக்கு அனுபவத்தில் தெரியும். மரத்துக்குள் நீரழுத்தம் விடியற்காலையில் கூடுதலாக இருப்பதுதான் அதற்குக் காரணம் என்று அவள் படித்திருப்பாள். இரண்டையும் சேர்த்தால் அவளுக்கு ஒரு தேவை கிடைத்துவிடும்: மழைத் தடுப்பை இருட்டில், தலையில் விளக்கு கட்டிக்கொண்டு, ஒரு கையால் விலக்கி வெட்டிவிட்டு நகர முடிய வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் இரண்டு கையால் அவிழ்த்துக் கட்டச் சொன்னால் நீங்களே தூக்கி எறிந்துவிடுவீர்கள், இல்லையா? இன்னொன்றையும் சொல்லுங்கள். சரிவாக விழுகிற வெட்டுக்கோடு நாளுக்கு நாள் கீழே இறங்கிக்கொண்டே வரும், அதனால் தடுப்பை ஒரே இடத்தில் ஆணி அடித்தது போல வைத்தால் ஆகாது. ஆணி அடித்தால் பட்டைக்கும் கேடு. மழை மரத்தின் மேலிருந்து தண்டு வழியாக வழிந்து வெட்டுக்குள் இறங்குமா, நேரே மங்கில் விழுமா, எது அதிகம் என்றும் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் தடுப்பின் வடிவமே மாறும்.

ஒரு யோசனை, அவளிடம் சொல்லிவிடுங்கள்: அம்மா சொன்னதை மட்டும் எழுதாமல், அம்மாவை ஒரு மரத்தடிக்குக் கூட்டிப் போய் வெட்டச் சொல்லி வீடியோ எடுக்கட்டும். ரொம்ப வருஷம் செய்த வேலையில் பாதியை வாய் சொல்லாது, கைதான் சொல்லும்.

குழுவில் ஐந்து பேர், ஐந்து யோசனை. வாட்ஸ்அப்பில் ஓட்டெடுப்பு வைத்தோம். சத்தம் போட்டுப் பேசுகிற ஒருத்தனின் யோசனைதான் ஜெயித்தது. அறிக்கையில் "விவாதித்துத் தேர்ந்தெடுத்தோம்" என்று போடலாமா?
– மாணவி, சபாக் பெர்ணம்

போடலாம், ஆனால் விரிவுரையாளர் நம்பமாட்டார், நானும்தான். ஓட்டு போட்டால் யாருக்கு எது பிடிக்கும் என்றுதான் தெரியும், எது வேலைக்கு ஆகும் என்று தெரியாது.

பிரிட்டனில் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஸ்டூவர்ட் பியூ என்பவர் இதற்கு ஒரு அட்டவணை முறை வைத்தார், இன்றும் உலகம் முழுக்க அவர் பெயரிலேயே சொல்லித் தருகிறார்கள். இப்போது நடைமுறையில் இருக்கிற ஒரு வழியை அளவுகோலாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு யோசனையும் அதைவிட மேலா, கீழா, சமமா என்று மட்டும் கேட்பது. மேல் என்றால் +1, கீழ் என்றால் -1, சமம் என்றால் 0. எந்தத் தேவை எவ்வளவு முக்கியம் என்பதற்கு எடை கொடுத்துப் பெருக்குவதைப் பலரும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

உதிரிப் பழத்துக்கே போட்டுக் காட்டுகிறேன், இந்த வட்டாரத்தில் பாதிக் குழு அதைத்தான் செய்கிறது போலிருக்கிறது. அளவுகோல்: வாரியும் சாக்கும். தேவைகளுக்கு எடை: இடுப்பு வளையாமை 5, குப்பை சேராமை 4, தூக்கும் எடை 3, விலை 3, வேகம் 2. காற்றால் உறிஞ்சும் கருவிக்கு இடுப்பு +5, வேகம் +2, ஆனால் சருகையும் சேர்த்து இழுப்பதால் -4, தூக்கும் எடை -3, விலை -3, மொத்தம் -3. கம்பி உருளைக்கு இடுப்பு +5, குப்பை +4, தூக்கும் எடை சமம், வேகம் சமம், விலை -3, மொத்தம் +6. உருளை ஜெயிக்கிறது.

இங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் அடுத்தது முக்கியமானது. சத்தம் போடுகிறவர் "வேகம்தான் முக்கியம், அதுக்கு 2 கொடுத்தது அநியாயம்" என்பார். சரி, 5 கொடுத்துப் பாருங்கள். காற்றுக் கருவி -3-லிருந்து 0-க்கு வரும், உருளைக்கு வேகம் சமம்தான் என்பதால் +6 அப்படியே நிற்கும். தேவைக்குக் கொடுத்த எடையை மாற்றியும் முடிவு மாறவில்லை என்றால் சண்டைக்கு வேலை இல்லை. மாறினால், அந்த ஒரு எண்ணைத்தான் தோட்டத்தில் போய் மறுபடி அளக்க வேண்டும். குறியீடுகளை நான் உட்கார்ந்த இடத்தில் போட்டேன், நீங்கள் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். ஐந்து பேரும் தனித்தனியாகப் போட்டுவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள், ஒன்றாக உட்கார்ந்து போட்டால் திரும்பவும் சத்தம்தான் ஜெயிக்கும்.

அறிவியல் முறைக்கும் வடிவமைப்பு முறைக்கும் என்ன வித்தியாசம்? பரீட்சையில் வரும் என்கிறார்கள்.
– மாணவர், தஞ்சோங் காராங்

குலையை வெட்டி நேரம் போகப் போக எண்ணெயின் தரம் ஏன் கெடுகிறது? அடிபட்ட பழத்தில் லிப்பேஸ் என்ற நொதி எண்ணெயை உடைத்து, தனிக் கொழுப்பு அமிலத்தைக் கூட்டுகிறது. ஏன் என்று கேட்டு, ஊகித்து, சோதித்து இதைக் கண்டுபிடித்தது அறிவியல். அந்த நொதி வேலை செய்யும் முன் குலையை ஆலைக்குக் கொண்டு சேர்க்க லாரியை எப்படி ஓட்டுவது, ஆலையில் நீராவி விட்டு நொதியை முடக்குகிற கலனை என்ன அழுத்தத்தில், எவ்வளவு நேரம் வைப்பது, அதைக் கட்ட எவ்வளவு காசு, இதெல்லாம் வடிவமைப்பு. முதலாவதில் விடை பெரும்பாலும் ஒன்றாக இருக்கும், இரண்டாவதில் பல விடை இருக்கும், எதை விட்டுக்கொடுத்து எதைப் பிடிப்பது என்பதுதான் கேள்வி. பரீட்சைக்கு இது போதும்.

குலை ஏற்றும் தள்ளுவண்டி செய்கிறோம். வரைபடத்தில் ஒரே நீளக் கம்பியாகப் போட்டிருந்தோம். அந்த நீளத்தில் கம்பி கிடைக்கவில்லை என்று பட்டறையில் இரண்டு துண்டை வெல்டிங் பண்ணிக் கொடுத்துவிட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அறிக்கையில் பழைய படத்தையே வைத்துவிடலாமா?
– டிப்ளோமா மாணவர், பெயர் வேண்டாம்

வைக்காதீர்கள். சின்ன மாற்றம்தானே என்று நினைப்பது புரிகிறது, ஆனால் இந்தச் சின்ன மாற்றத்துக்கு ஒரு பெரிய கதை உண்டு. பொறியியல் படிக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் கான்சஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஹோட்டல். அதன் உயரமான கூடத்துக்குள் இரண்டாவது மாடி மட்டத்தில் ஒரு நடைபாலம், அதற்கு நேர் மேலே நாலாவது மாடி மட்டத்தில் இன்னொன்று. இரண்டும் கூரையிலிருந்து இரும்புக் கம்பிகளில் தொங்கின. முதல் வரைபடத்தில் கூரையிலிருந்து இரண்டாவது மாடி வரை ஒரே கம்பி, நாலாவது மாடிப் பாலம் நடுவில் தன் நட்டில் உட்காரும், கீழ்ப் பாலம் அடியில் தன் நட்டில் உட்காரும். அவ்வளவு நீளக் கம்பிக்கு மரை போடுவது தொல்லை என்று இரண்டு கம்பியாக மாற்றினார்கள்: கூரையிலிருந்து மேல் பாலத்துக்கு ஒன்று, மேல் பாலத்திலிருந்து கீழ்ப் பாலத்துக்கு இன்னொன்று. ஒரே கயிற்றை இரண்டு பேர் தனித்தனியாகப் பிடித்துத் தொங்குவதும், மேலே இருப்பவர் காலைப் பிடித்துக்கொண்டு கீழே இருப்பவர் தொங்குவதும் ஒன்றா? கயிற்றுக்கு ஒன்றுதான், மேலே இருப்பவர் கைக்கு இரண்டு மடங்கு. அதே போல மேல் பாலத்தின் நட்டு கீழ்ப் பாலத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டியதாகிவிட்டது. அதற்கென்று யாரும் மறுபடி கணக்குப் போடவில்லை. 1981 ஜூலை 17-ம் தேதி இரவு கூடத்தில் ஆட்டமும் பாட்டுமாகக் கூட்டம் நிறைந்திருந்தபோது இரண்டு பாலமும் இடிந்து விழுந்து 114 பேர் செத்தார்கள். விசாரணையில் இன்னொன்றும் தெரிந்தது: முதல் வரைபடமே நகரக் கட்டட விதி கேட்ட பலத்தில் 60 சதவீதம்தான் தாங்கக் கூடியதாக இருந்திருக்கிறது. பொறுப்பான பொறியாளர்கள் உரிமத்தை இழந்தார்கள்.

உங்கள் தள்ளுவண்டியில் யாரும் சாகப் போவதில்லை, ஆனால் ஒரு குலை காலில் விழுந்தால் பாதம் நசுங்கும். முதலில் வெல்டிங் எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். இரண்டு முனையிலும் தாங்கி நடுவில் சுமை ஏறுகிற கம்பி என்றால் வளைவு விசை நடுவில்தான் அதிகம், அங்கே ஒட்டுப் போட்டிருந்தால் நகர்த்தச் சொல்லுங்கள் அல்லது மேலே ஒரு தகடு வைத்து வலுப்படுத்தச் சொல்லுங்கள். கணக்கை மறுபடி போடுங்கள். அப்புறம் மணல் மூட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, திட்டமிட்ட சுமையைப் போல ஒன்றரை மடங்கு வரை பாருங்கள், அப்போது காலை யாரும் கிட்டே வைக்க வேண்டாம். அறிக்கையில் இரண்டு படத்தையும் வையுங்கள், வரைந்தது ஒன்று, செய்தது ஒன்று, நடுவில் ஏன் மாறியது, யார் சம்மதித்தது, என்று. பட்டறைக்காரர்கள் மேல் பழி போடவும் வேண்டாம், அடுத்த முறை ஹார்ட்வேர் கடையில் என்ன நீளத்தில் கம்பி விற்கிறது என்று கேட்டுவிட்டு வரையுங்கள்.

பிரச்சினை அறிக்கையை சாட்ஜிபிடியிடம் எழுத வைத்தால் தப்பா?
– மாணவி, ஈஜோக்

கல்லூரி என்ன விதி வைத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். விதி அனுமதித்தாலும், அதற்கு நீங்கள் எந்த மரத்தடியில் நின்றீர்கள் என்று தெரியாது. வழுவழுப்பாக எழுதும், உலகத்தில் எந்தத் தோட்டத்துக்கும் பொருந்தும், அதனாலேயே உங்கள் தோட்டத்துக்குப் பொருந்தாது. நீங்கள் அளந்து வந்த குறிப்புகளைக் கொடுத்து "இதில் நான் என்னென்ன கேட்காமல் விட்டுவிட்டேன்" என்று கேட்டுப் பாருங்கள், அதற்கு உருப்படியாக ஏதாவது சொல்லும்.

மகன் தமிழ்ப்பள்ளியில் நாலாம் ஆண்டிலிருந்து வடிவமைப்பும் தொழில்நுட்பமும் படித்தான், இப்போது படிவம் மூன்றில் ஆர்பிதி (அதே பாடத்தின் மலாய்ச் சுருக்கப் பெயர்). அட்டை, பசை, படம் என்று நேரம் போகிறது. இது பின்னால் உதவுமா, கணக்கு டியூஷனுக்கு அனுப்பட்டுமா?
– ஒரு தந்தை, பத்தாங் பெர்ஜுந்தை (பெஸ்தாரி ஜெயாவின் பழைய பெயரையே எழுதுகிறேன், மன்னிக்கவும்)

மன்னிப்பு எதுக்கு அண்ணே, எனக்கும் அந்தப் பெயர்தான் வாயில் வருகிறது.

இடைநிலைப் பள்ளியில் 2017-ல் புதிய கலைத்திட்டம் வந்தபோது பழைய வாழ்வியல் திறன் பாடத்தின் இடத்துக்கு வந்தது ஆர்பிதி. பிரச்சினையைப் பார், வரை, செய், சோதி என்று அதில் சின்ன அளவில் சொல்லித் தருவதைத்தான் கல்லூரியில் கணக்கோடு சேர்த்துச் செய்கிறார்கள். கையால் வரையப் பழகிய பிள்ளை கல்லூரிக்குப் போனால் தெரியும், மற்றவர்கள் வாயால் விளக்கித் தடுமாறும்போது இவன் பென்சிலை எடுத்து இரண்டு கோடு போட்டுக் காட்டிவிடுவான். ஆனால் கணக்கை விட்டுவிட்டுப் பொறியியல் கிடையாது, எஸ்பிஎம் கணிதம் நன்றாக இருந்தால்தான் கதவே திறக்கும். டியூஷனுக்கும் அனுப்புங்கள், பசையையும் பிடுங்காதீர்கள். வீட்டில் உடைந்த ஃபேன் இருந்தால் கொடுங்கள், பிளக்கை அறுத்துவிட்டு.

கம்பி உருளை செய்துவிட்டோம். கல்லூரி வராந்தாவில் பழத்தைக் கொட்டி ஓட்டினால் அழகாகப் பொறுக்குகிறது. தோட்டத்தில் பாதிப் பழத்தை விட்டுவிட்டுப் போகிறது. இன்னும் இரண்டு வாரத்தில் படைப்பு. வராந்தா வீடியோவை மட்டும் காட்டினால் போதுமா?
– நாலு பேர் குழு, கோலசிலாங்கூர் வட்டாரம்

வராந்தா சிமெண்டுத் தரை, பழம் உருளைக்கு அடியில் அசையாமல் அழுந்தும், கம்பி விரிந்து உள்ளே வாங்கிக்கொள்ளும். தோட்டத்து மண் மெத்தென்று இருப்பதால் பழம் மண்ணுக்குள் அமுங்குகிறது, கம்பி விரிவதில்லை. இதுதான் நடக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம், பழம் பெரிசாக இருக்கலாம், சருகு கம்பிக்கு நடுவில் சிக்கியிருக்கலாம். கைபேசியை மண் மட்டத்தில் வைத்து மெதுவான வீடியோ எடுத்தால் தெரிந்துவிடும்.

தெரிந்த பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கம்பியின் தடிமன், இடைவெளி, உருளையின் எடை மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், சரியாகிவிட்டாலும் எதனால் சரியானது என்று உங்களுக்கே தெரியாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதே ஐம்பது பழம், அதே இடம், எத்தனை எடுத்தது எத்தனை விட்டது என்று ஒரு அட்டவணை. இரண்டு வாரத்தில் முழுக்கச் சரியாகாவிட்டால் பரவாயில்லை, வராந்தா எண்ணையும் தோட்டத்து எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, இன்ன காரணம், இன்னும் நேரம் இருந்தால் இதைத்தான் அடுத்து மாற்றுவோம் என்று சொல்லுங்கள். படைப்பு முடிந்ததும் கேள்வி கேட்பவர்களில் ஒருவராவது "மண்ணில் ஓடுமா" என்று நிச்சயம் கேட்பார், அந்த அட்டவணையை அப்போது திரையில் போடத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.